கடைசித் தகடு

எங்கள் லாண்ட்மாஸ்டரை, அந்த இரண்டு சில்லு உழவு மிசினை, ஸ்டார்ட் பண்ண இரண்டு பேர் வேண்டும். வட்டக்கச்சியில் வேறு எந்த வீட்டிலும் இந்தக் கூத்து இல்லை. மற்ற ஆம்பிளைகள் வலது கையால் ஹாண்டிலைச் சுழற்றுவார்கள், இடது கையால் எஞ்சினின் தலையில் இருக்கும் லீவரைத் தூக்கிப் பிடிப்பார்கள், வேகம் வந்ததும் லீவரை விட்டுவிடுவார்கள். எஞ்சின் பிடித்துக்கொள்ளும், ஹாண்டில் தானாகக் கழன்று கையோடு வந்துவிடும். என் மனிசன் கோகுலனுக்கு இடது கை முழங்கைக்குக் கீழே இல்லை. அது கடைசிச் சண்டையில், மாத்தளனில் போனது. ஆகவே அவர் சுழற்றுவார், நான் மறுபக்கம் நின்று லீவரைப் பிடிப்பேன். "விடு!" என்பார். விடுவேன். கலியாணம் கட்டிய காலத்திலிருந்து உழவு நாட்களில் எங்கள் வீடு விடிகிறது அந்தச் சொல்லோடுதான்.

அவரைப் பார்த்துப் பாவம் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். அந்த ஒற்றைக் கையால் மண்வெட்டி பிடிப்பார், சைக்கிள் ஓடுவார், தேங்காய் உரிப்பார், எனக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியில் வைத்துப் பார்ப்பார். அவருக்குப் பயமே கிடையாது. பயமெல்லாம் எனக்குத்தான். கத்தியைத் தூக்கினால் நான் கத்தியைப் பார்க்கமாட்டேன், கையைத்தான் பார்ப்பேன். ஒரு முள்ளுக் குத்தினாலே வீட்டைத் தலைகீழாக்கிவிடுவேன். "எனக்கெண்டு வந்து வாய்ச்ச விசரி" என்று சிரிப்பார். சிரிக்கட்டும். இருக்கிறது ஒன்று. அதுவும் போனால் கடையில் வாங்கலாமோ?

இந்த முறை காலபோக விதைப்புக்குக் கொஞ்சம் முன்னம் மிசின் அடம்பிடிக்கத் தொடங்கியது. சுழற்றச் சுழற்ற வெள்ளைப் புகையைக் கக்குமே தவிரப் பிடிக்காது. அவர் வேர்த்து விறுவிறுத்து நிற்பார், நான் லீவரோடு நின்று அந்தக் கண்டறியாத மிசினுக்கு வாய்க்கு வந்தபடி ஏசுவேன். அவருக்குத் தோள்மூட்டு வீங்கியது. நல்லெண்ணெய் சூடாக்கித் தேய்த்துவிட்டேன். கராஜ்காரனைக் கூப்பிடுவோம் என்றால், உழவுக் காலத்தில் அவனைப் பிடிக்கமுடியுமோ என்றார்.

அதோடு முடிந்திருக்கும். கமக்காரர் சங்கக் கூட்டத்தில் பரமேஸ்வரன் வாயைத் திறந்திராவிட்டால். வாய்க்காலுக்கு அங்கால் பெரிய வயல்காரர் அவர். "கோகுலனை உழவுக்குக் கூப்பிட்டா ரெண்டு பேருக்குச் சாப்பாடு வைக்கவேணும். மனிசி லீவர் பிடிக்காட்டி மிசினும் அசையாது, அவரும் அசையார்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் விடுவேனா, எழும்பி நின்று நாலு கேள்வி நன்றாகக் கேட்டுவிட்டுத்தான் வந்தேன். கோகுலன் தலையைக் குனிந்தபடி எழும்பி வந்தார். வரும் வழியில் எனக்கு முன்னாலேயே நடந்தார். நான் கேள்வி கேட்டதுதான் அவருக்கு இன்னும் கேவலமாகப் போய்விட்டது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

அன்று பின்னேரமே போனைத் தூக்கிக்கொண்டு மிசின் கொட்டிலுக்குப் போய்விட்டார். டீசல் எஞ்சினுக்கு டைமிங் வைப்பது எப்படி என்று ஒரு வீடியோ. யாரோ இந்தியாக்காரர், முகம் காட்டாமல் பேசினார். திரையில் இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன.

"இஞ்சை வா சாரு, உன்ர கை வேணும்" என்றார்.

"அதைக் கலியாணத்திலையே தந்திட்டன், இப்பவோ கேக்கிறியள்?" என்றேன்.

சிரித்தார். அன்றைக்குச் சிரித்தார் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டு பேருமாகத்தான் படித்தோம். அவர் சொல்லுவார், நான் கழற்றுவேன். டீசல் பம்பிலிருந்து போகும் குழாயைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் இருக்கும் பெரிய சில்லைக் கையால் மெல்ல மெல்லத் திருப்பவேண்டும். பால் பொங்க முன்னம் விளிம்பில் ஒரு அசைவு தெரியுமே, அதுபோலப் பம்பின் சின்ன வாயில் டீசல் எழும்பும். எழும்பும் கணத்தில் சில்லை நிறுத்தி, சில்லில் வெட்டியிருக்கும் F என்ற அடையாளம் எங்கே நிற்கிறது என்று பார்க்கவேண்டும். ரேடியேட்டரில் உள்ள கோட்டுக்கு நேரே நின்றால் டைமிங் சரி. எங்களுடையதில் F கோட்டைத் தாண்டிப் போனபிறகுதான் டீசல் எழும்பியது.

"பிந்தி விழுகுது" என்றார். "காத்து நல்லா அமுங்கிச் சூடேறிற நேரம் பாத்து டீசல் விழவேணும். பிந்தினா வெள்ளைப் புகை. அதுதான் இவ்வளவு நாளும் என்ர தோளைத் திண்டது."

"அப்ப நான் பிடிக்கிற லீவர் என்ன செய்யுது?"

"நீ தூக்கிப் பிடிக்கேக்கை காத்து அமுங்காது. அமுங்காட்டி டீசல் தீப் பத்தாது. மிசின் செத்த மாதிரி. நீ விட்டாத்தான் உயிர் வரும்."

"சரி. முந்தி விழுந்தா என்ன செய்யும்?"

போனைப் பார்த்தார். வீடியோவில் அந்த இடம் ஓடித் தாண்டிவிட்டது. "முந்தினா பலம் கூடும்" என்றார்.

முந்தச் செய்வது லேசு. பம்புக்கு அடியில் காகிதம்போல மெல்லிய தகடுகள் அடுக்கியிருக்கும். ஒன்றை எடுத்தால் பம்ப் கொஞ்சம் உள்ளே இறங்கும், டீசல் கொஞ்சம் முந்தி விழும். எங்களுடையதில் மூன்று இருந்தன. கஷ்டம் பம்பைத் திரும்பப் பூட்டுவதில்தான். அதன் பக்கத்தில் ஒரு சின்ன முளை உண்டு. வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற, இரண்டு விரல்போலப் பிரிந்த கவர் ஒன்று எஞ்சினுக்குள் இருக்கிறது. முளை அந்தக் கவருக்குள் சரியாக இறங்கவேண்டும். இறங்காவிட்டால் மிசின் உங்கள் சொல் கேளாது, தன்பாட்டில் வேகமெடுக்கும் என்று அந்த வீடியோக்காரர் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரு கை விரலால் கவரைப் பிடித்து, மறு கையால் பம்பை இறக்கவேண்டும். ஆகவே அது என் வேலை. முதல் தடவை என் விரல் அந்த முளையைக் கவருக்குள் உணர்ந்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை ஏன் மறைக்கவேண்டும்? சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன்.

ஒரு தகடு எடுத்தோம். மறுநாள் மிசின் கெதியாகப் பிடித்தது. வெள்ளைப் புகை இல்லை. கோகுலன் விசிலடித்துக்கொண்டு உழவுக்குப் போனார். நான் தகட்டைக் கழுவித் துடைத்துக் குசினித் தட்டில் இருந்த பால்மா டின்னுக்குள் போட்டேன். அந்த இடத்தில் விட்டிருக்கலாம். யார் விட்டது? டீசல் எழும்பும்போது F இன்னும் கோட்டுக்கு நேரே நிற்கவில்லை. "F நேரே நிண்டா ஒரு சுத்து போதும். ஒரே சுத்து!" என்றார். அவர் கண்ணில் இருந்த வெளிச்சம் எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டாவது தகடும் டின்னுக்குள் போனது. அதன்பிறகு மிசினின் குரலே மாறிவிட்டது. முந்தி டுக்கு டுக்கு என்று வேலைக்குப் போகும் மிசின், இப்போது சுத்தியலால் இரும்பில் அடிப்பதுபோல அடித்தது. குசினித் தட்டில் பீங்கான் கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டின. மிசினுக்குக் கீழே எப்போதும் சுருண்டு கிடக்கும் எங்கள் நாய் கொட்டில் பக்கமே போவதில்லை. கோகுலனுக்கோ பெருமை. "கேக்குதோ சத்தம்? இதுதான் மிசின்" என்பார். வாய்க்காலுக்கு அங்காலும் கேட்கவேண்டும் என்று அவருக்கு ஆசை.

ஒரு காலை "விடு!" என்றார். விட்டேன். ஹாண்டில் முன்னுக்குப் போகாமல் ஒரு கணம் நின்றது. நின்று, அவர் கையைப் பின்னுக்கு ஒரு இழுப்பு இழுத்தது. பிறகு மனம் மாறியதுபோல ஓடத் தொடங்கியது. அவர் கையை உதறி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"என்னப்பா அது?"

"பலம். வேறை என்ன?"

மத்தியானம் சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டார். என் மனிசன் கரண்டியால் சாப்பிட்டதை நான் அதுவரை கண்டதில்லை. "கையைக் காட்டுங்கோ" என்றேன். காட்டவில்லை.

அந்தக் கிழமையே வீரகத்தி அண்ணை வந்தார். மாங்குளத்தில் பழைய மிசின் வாங்கி விற்கிறவர், எங்களுக்கு இதைத் தந்ததும் அவர்தான். ரோட்டால் மோட்டார்சைக்கிளில் போனவர், சத்தத்தைக் கேட்டுத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். படலையைத் திறந்தபடியே, "நிப்பாட்டு தம்பி, முதல்லை உந்த மிசினை நிப்பாட்டு" என்றார். கோகுலன் நிறுத்தினார். நாங்கள் படித்ததையும் செய்ததையும் நான்தான் சொன்னேன். F இப்போது கோட்டை நெருங்கிவிட்டது என்றும் சொன்னேன்.

வீரகத்தி அண்ணை குந்தியிருந்து அந்தப் பெரிய சில்லில் உள்ளங்கையை வைத்தார்.

"பிள்ளை, இந்தச் சில்லு இந்த எஞ்சின்ர இல்லை. சண்டை முடிஞ்சு குவிச்சு விட்டிருந்த வாகனங்களுக்கை கிடந்து எடுத்தது. பெட்டி ஒண்டு, தலை ஒண்டு, சில்லு வேறை ஒண்டு. அந்த நேரம் எல்லாரும் அப்பிடித்தானே பூட்டினது. உதிலை இருக்கிற F ஆரின்ரையோ மிசின்ர F."

வன்னியில் அந்த வருஷம் ஓடத் தொடங்கிய மிசின் எல்லாம் அப்படித்தான். யாருடையதோ தலை, யாருடையதோ சில்லு. எங்களுக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் வீடியோவைப் பார்த்துக்கொண்டு இருந்த இத்தனை நாளில் எங்கள் இரண்டு பேருக்கும் அது ஞாபகம் வரவில்லை.

"விக்கேக்கை இந்தக் கதை உங்கடை வாயிலை வரேல்லையே?" என்றார் கோகுலன்.

"நான் டைமிங்கைக் காதாலை கேட்டு வைச்சுத் தந்தனான். நீ அடையாளம் பாத்துத் தோண்டுவாயெண்டு ஆர் கண்டது?" என்றார் வீரகத்தி அண்ணை. பிறகு குரலைத் தாழ்த்தினார். "டீசல் முந்தி விழுந்தா பிஸ்டன் மேலை வரமுன்னம் வெடிச்சு, வந்த வழியே திருப்பி அடிக்கும். ஹாண்டிலும் சேர்ந்து திரும்பும். கையை எடுக்க நேரம் இராது. சிலவேளை மிசின் பின்பக்கமாச் சுத்தி ஓடவே தொடங்கிடும். அப்ப ஹாண்டில் கழராது, அதுவும் சேர்ந்து சுத்தும். புகை காத்து இழுக்கிற வாயாலை வரும். பளையிலை ஒருத்தருக்குத் தாடையே போச்சு. எடுத்த ரெண்டு தகட்டையும் திருப்பிப் போடு. மற்றதிலை கை வைச்சிடாதை."

படலை வரை நான் கூடப் போனேன். மோட்டார்சைக்கிளில் ஏறியவர் கொட்டில் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "மனிசனைத் தனிய விடாதை பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பி வந்த உடனேயே தொடங்கினேன். "இண்டைக்கே போடுவம்."

"நாளைக்குப் பாப்பம்."

"நாளைக்கு இல்லை, இண்டைக்கு. இப்ப."

"தான் கண்ட கழிவை எங்கடை தலையிலை கட்டினதை மறைக்க அந்தாள் கதை விடுது. எனக்கு ஒண்டும் தெரியாதெண்டு நினைக்கிறியோ?"

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "தெரியும். உங்களுக்கு எல்லாம் தெரியும். இருக்கிறது ஒரு கையெண்டது மட்டும்தான் தெரியாது" என்றேன்.

அவர் திருப்பிக் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"ஒரு நாளாவது உன்னைப் பாத்துக்கொண்டு நிக்காமல் நானே உந்த மிசினை ஸ்டார்ட் பண்ணவேணும் சாரு" என்றார். "இந்த முழங்கை முண்டாலை லீவரைத் தள்ளிப் பிடிக்கலாம். வேகமாச் சுத்தத்தான் ஏலாமல் கிடக்கு. ஒரு சுத்திலை பிடிச்சால் காணும். அவ்வளவுதான் நான் கேக்கிறது."

இத்தனை வருஷம் நான் பிடித்த லீவர் அவருக்கு இப்படி இருந்திருக்கிறது. அது எங்களுடைய ஒரு சின்னச் சந்தோஷம் என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன்! எனக்கு அழுகை முட்டியது. அழக்கூடாது என்று இன்னும் கத்தினேன். கடைசியில் அவர், "சரி, சரி. விடியப் போடுவம். நீயே போடு" என்றார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நானும் அடங்கினேன்.

பின்னேரம் மழை வந்தது. மாரியின் முதல் மழை, மண் மணக்க மணக்கப் பெய்தது. மழை விட்டதும் போன் அடித்தது. குசினிக்குள் இருந்த எனக்கு அவர் பேசியது கேட்டது. "ஓம் பரமேஸ்வரன் அண்ணை. விடிய உழவுக்கு வாறன். இல்லை, இல்லை. தனியத்தான் வருவன்." வயலுக்குத் தனியப் போவதைச் சொல்லுகிறார் என்று நினைத்தேன். வேறு என்னத்தை நினைக்க?

விடிய நான் எழும்பியபோது அவர் பாயில் இல்லை. பல்லு விளக்கப் போயிருப்பார் என்று, அடுப்பை மூட்டித் தேத்தண்ணிக்கு வைத்தேன். வெளியே எல்லாம் நனைந்துபோய்க் கிடந்தது. வாய்க்கால் பக்கம் தவளைகள் கத்தின. தேத்தண்ணி குடித்ததும் வேலையைத் தொடங்கலாம் என்று தகடுகளை எடுத்துவைக்கப் பால்மா டின்னை இறக்கினேன். மூடியைத் திறந்து உள்ளங்கையில் கவிழ்த்தேன்.

மூன்று தகடு விழுந்தது.

முதலில் விளங்கவில்லை. ஒன்றோடு ஒன்று ஒட்டியிருந்ததைப் பிரித்துப் பார்த்தேன். மூன்றாவதில் டீசல் ஈரம் இன்னும் காயவில்லை. பொருள் எதையும் கண்ட இடத்தில் போடாத மனிசன், அதையும் கொண்டுவந்து ஒழுங்காக டின்னுக்குள் போட்டு மூடி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அப்போது கொட்டிலில் ஹாண்டில் சுழலும் சத்தம் கேட்டது. கடக். கடக். கடக். மெதுவான சுற்று. "விடு" என்ற குரல் வரவில்லை. யாருக்குச் சொல்வது, நான்தான் அங்கே இல்லையே!

"இஞ்சருங்கோ! வேண்டாம்! நிப்பாட்டுங்கோ!" என்று குளறிக்கொண்டு ஓடினேன். முற்றத்துச் சேற்றில் கால் வழுக்கியது. நான் விழுந்து எழும்பும்போது அது ஒரு அடி அடித்தது. தகரக் கொட்டில் முழுக்க அதிர்ந்தது. கோகுலனின் குரல் ஒன்று கேட்டது. அது சொல் இல்லை. பிறகு மிசின் ஓடத் தொடங்கியது.

அது எங்கள் மிசினின் சத்தமே இல்லை. மூச்சை உள்ளுக்கு இழுக்கிறவனுடைய சத்தம்போல இருந்தது. கறுத்தப் புகை, காற்று இழுக்கிற வாயால் குமுறிக்கொண்டு வந்தது. கழன்று விழவேண்டிய ஹாண்டில் கழலவில்லை, மிசினோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுழன்றது. கோகுலன் அதற்குக் கீழே, கொட்டிலின் கப்புத் தூணோடு சாய்ந்தபடி நிலத்தில் இருந்தார். அவர் தலைக்கும் அந்த இரும்புக்கும் இடையில் ஒரு சாண் இருக்குமோ தெரியாது.

"அசையாதேங்கோ! அப்பிடியே இருங்கோ!"

பிடியில் இருந்த வேகக் கம்பியை ஓடிப்போய் இழுத்தேன். மிசின் கேட்கவில்லை. இன்னொரு தரம் இழுத்தேன். இன்னும் வேகமாக ஓடியது. அந்த முளை. ஒற்றைக் கையால் பூட்டியிருக்கிறார், முளை கவருக்குள் இறங்கவில்லை. மிசின் தன்பாட்டில் ஏறிக்கொண்டே போனது. கொட்டில் கப்பு ஆடியது. ஹாண்டில் கழன்று பறந்தால் அவர் தலைக்குத்தான் என்று எனக்குத் தெரிந்தது. என்ர அப்பனே முருகா என்றேனோ, என்ன சொன்னேனோ தெரியாது.

பிறகு என் கால்கள் தாமாகவே மறுபக்கம் போயின. நான் எப்போதும் நிற்கும் பக்கம். புகைக்குள் கையை நீட்டினேன், லீவர் இருந்த இடத்தில் இருந்தது. கொதித்தது. உள்ளங்கை ஒட்ட ஒட்டப் பிடித்து முழுப் பலத்தோடும் மேலே தூக்கினேன். காத்து அமுங்காட்டி டீசல் தீப் பத்தாது என்று அவர்தான் சொல்லித் தந்தவர். அடி நின்றது. வெறும் காற்று புஸ் புஸ் என்றது. பெரிய சில்லு இன்னும் சுழன்று, சுழன்று, களைத்தது. ஹாண்டில் கண்ணுக்குத் தெரியத் தொடங்கியது. கடைசியாக ஒருமுறை மேலே வந்து, விழுந்து, தொங்கியது.

நான் லீவரை விடவில்லை. விட்டால் திரும்பவும் ஓடிவிடும் என்ற பயம். கை வேகிற மணம் எனக்கே வந்தது.

"விடு சாரு" என்றார் நிலத்தில் இருந்தபடி. "நிண்டிட்டுது. விடு."

விட்டுவிட்டு அவரிடம் ஓடிப்போய்க் குந்தினேன். தலையைத் தடவினேன், கழுத்தைத் தடவினேன். இரத்தம் இல்லை. முகம் சாம்பலாக இருந்தது. வலது கையை மடியில் போட்டு, இடது முண்டால் அதை அணைத்துக்கொண்டிருந்தார். கண்ணைத் திறக்கவில்லை, இறுக்கி மூடியிருந்தார்.

"நான் பாக்கேல்லை" என்றார். "நீ பாத்துச் சொல்லு. கை இருக்கோ?"

பார்த்தேன். மணிக்கட்டுக்கு மேலே, மடியக்கூடாத ஒரு இடத்தில் மடிந்திருந்தது. தோலுக்குள் எலும்பு முட்டிக்கொண்டு நின்றது.

"இருக்கு" என்றேன்.

"உண்மையா?"

"உண்மையாத்தான். இருக்கு."

மூச்சை விட்டார். பல்லைக் கடித்துக்கொண்டார், நெற்றி நரம்பு புடைத்தது. "விரலை அசைக்கிறன்" என்றார். "அசையுதோ?"

ஐந்து விரலையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அசைத்துக்கொண்டே இருந்தார். விரல்கள் மடியில் கிடந்தபடியே கிடந்தன.

"ஓம்" என்றேன். "அசையுது."